பத்தாயிரத்துக்குள்ள ரெண்டு நைட், கார் இல்லாம: சென்னைல இருந்து மே லீவுக்கு எங்க போலாம்?

குரோம்பேட்டைல வீடு, கார் கிடையாது, பெரியவனுக்கு 9 வயசு, சின்னவளுக்கு 4, மாமியாரும் கூட வராங்க, அவங்களுக்கு முழங்கால் வலி, மே மாசத்துல ரெண்டு நைட் எங்கயாவது போய்ட்டு வரணும், 10,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, ஊட்டியா கொடைக்கானலான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேணாம்னுதான் சொல்லப்போறேன், கோச்சுக்காதீங்க, காரணத்தோட சொல்றேன்.

ஊட்டிக்குன்னா நீலகிரி எக்ஸ்பிரஸ்ல சென்ட்ரல்ல ராத்திரி ஏறினா காலைல மேட்டுப்பாளையம், அங்கேந்து பஸ்ஸோ டாக்ஸியோ புடிச்சு மேல ஏறணும், மலை ரயில்ல போலாம்னா அது ஏறவே கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஆகும், அதுவும் மே மாசத்துக்கு டிக்கெட் ஓப்பன் ஆன அன்னைக்கே காலி. ரெண்டு நாள் லீவுல பாதி நேரம் ரயில்லயும் பஸ்லயும்தான் போகும். 2024 மே மாசத்துல இருந்து ஹைகோர்ட் சொன்னபடி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிங்களுக்கு இ-பாஸ் வேணும். 2025 சீசன்ல இன்னும் இறுக்கி, ஊட்டிக்கு வாரநாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000னு கணக்கு வச்சுட்டாங்க. அரசு பஸ்ல போறவங்களுக்கு அந்தப் பிரச்சனை இல்லதான், ஆனா மேல போய் எறங்கினதும் ரூம் ரேட் கேட்டாலே தலை சுத்தும். அந்த ரெண்டு ஊரையும் வேற மாசத்துக்கு வச்சுக்கோங்க, காலாண்டு லீவுல போனீங்கன்னா பாதிக் காசுல முடியும், கூட்டமும் குறைவு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். எந்த ஊருன்னு மண்டையை உடைச்சுக்கறதை விட என்னைக்கு கிளம்பறோம்னு யோசிங்க, பில்லு அதுலதான் முடிவாகுது. சென்னையைச் சுத்தி இருக்கற ஈசிஆர், பாண்டி, ஏலகிரி எல்லாமே வாரக்கடைசியை நம்பி ஓடுற ஊருங்க. வெள்ளி சாயங்காலம் இங்கேந்து கூட்டம் கிளம்பும், ஞாயித்துக்கிழமை மத்தியானம் செக் அவுட் பண்ணிட்டுத் திரும்பிடும். சனிக்கிழமை 4,000 சொல்ற அதே ரூமை ஞாயிறு நைட்டு 2,000, 2,200க்கு கேட்டா குடுப்பாங்க, ஏன்னா காலியா கிடக்கும். பசங்களுக்கு லீவு ஒரு மாசத்துக்கு மேல இருக்கு, வீட்டுக்காரருக்குத்தான் லீவு போடணும், அந்த ரெண்டு மூணு நாள் கேஷுவல் லீவுக்கு நிகரா எந்த ஆப்லயும் டிஸ்கவுன்ட் கிடைக்காது. மே கடைசி வாரமும் நல்ல வாரம்தான், எல்லாரும் யூனிஃபார்ம், ஷூ, நோட்டுக்கு அட்டைன்னு ஊருக்குள்ள அலைஞ்சிட்டு இருப்பாங்க.

இதுல ஒரு சிக்கலும் இருக்கு. நாம போற திங்கள் செவ்வாய்லதான் நெறைய இடம் மூடியிருக்கும். முதலைப் பண்ணைக்கு திங்கக்கிழமை லீவு, தட்சிண சித்ராங்கற பழைய வீட்டு மியூசியத்துக்கும் வண்டலூர் ஜூவுக்கும் செவ்வாக்கிழமை லீவு, எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை. அதனால செவ்வாய் காலைல கிளம்பி வியாழன் சாயங்காலம் வீடு திரும்புற மாதிரி போட்டீங்கன்னா எதுவும் அடிபடாது.

உங்களுக்கு என்னோட முதல் சாய்ஸ் மகாபலிபுரம். "ஸ்கூல் டூர்லயே பாத்தாச்சே"ன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு, சொல்லட்டும். நம்மள்ல முக்காவாசிப் பேரு அந்த ஊரைப் பாத்தது காலைல பதினொரு மணிக்கு பஸ்ல எறங்கி, மண்டை காயுற வெயில்ல அஞ்சு ரதத்தைச் சுத்திட்டு, தொப்பியும் சங்கும் வாங்கிட்டு நாலு மணிக்கு திரும்பினதுதான். அங்க ராத்திரி தங்குறதே வேற கதை. கடற்கரைக் கோயில், அஞ்சு ரதம் ரெண்டும் காலைல ஆறு மணிக்கே திறந்துடுவாங்க, ஆறரைக்கு போனீங்கன்னா நீங்களும் துப்புரவு பண்றவங்களும் மட்டும்தான் இருப்பீங்க, காத்து ஜில்லுனு அடிக்கும். பெரியவங்களுக்கு 40 ரூபா டிக்கெட், ஒரே டிக்கெட்ல அன்னைக்கே ரெண்டு இடமும் பாக்கலாம், 15 வயசுக்குள்ள இருக்கற பசங்களுக்கு டிக்கெட்டே கிடையாது.

அர்ச்சுனன் தபசுங்கற பெரிய பாறைச் சிற்பத்துக்கு காசே வேணாம், ரோட்டோரமாவே இருக்கு. அங்க போய் பசங்களுக்கு பல்லவர் வரலாறு எடுக்காதீங்க, ஒரே ஒரு வேலை குடுங்க: "இதுல ஒரு பூனை இருக்கு, கண்டுபிடி." பெரிய யானையோட காலடிப் பக்கம் ஒரு பூனை ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டு சாமியார் மாதிரி தவம் பண்ணும், சுத்தி எலிங்க அதை நம்பி நின்னுட்டு இருக்கும். பெரியவன் அதைக் கண்டுபிடிச்சுட்டா அப்புறம் அவனாவே யானைக் குட்டி எத்தனை, குரங்கு எங்கன்னு தேட ஆரம்பிச்சுடுவான். அந்தச் சிற்பத்துல தவம் பண்றவர் அர்ச்சுனனா பகீரதனான்னு பெரியவங்களே இன்னும் சண்டை போட்டுட்டு இருக்காங்க, அதையும் சொல்லுங்க, பசங்களுக்குப் புடிக்கும். பக்கத்துலயே வெண்ணெய் உருண்டைன்னு சொல்ற உருண்டைப் பாறை. அந்தச் சரிவுல சறுக்காம எந்தக் குழந்தையும் வராது, பழைய பேன்ட் போட்டு விடுங்க, பின்பக்கம் தேஞ்சு போயிடும். பத்து மணிக்கு மேல அந்தப் பாறை தோசைக்கல்லுதான், காலைலயோ சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலயோ மட்டும் போங்க.

பதினோரு மணில இருந்து நாலு வரைக்கும் ரூமுக்குள்ள ஏசியைப் போட்டுட்டு தூங்குங்க. மே 4ல இருந்து 28 வரைக்கும் அக்னி நட்சத்திரம், அந்த நேரத்துல வெளிய சுத்தி பசங்களுக்கு காய்ச்சல் வந்தா டாக்டர் பீஸ்லயே மிச்சம் பண்ண காசு போயிடும். அதனால இந்த ட்ரிப்புல ஏசில மட்டும் கஞ்சத்தனம் வேணாம். ஒத்தவாடைத் தெருவுல சின்னச் சின்ன லாட்ஜ் நெறைய இருக்கு, வெளிநாட்டுக்காரங்க சீசன் குளிர்காலம்தான், மே மாச வாரநாள்ல பேரம் பேசலாம். அரசு சுற்றுலாக் கழகத்தோட (டிடிடிசி) ஹோட்டல் தமிழ்நாடு பீச் ரிசார்ட்டும் இருக்கு, கொஞ்சம் கூட ஆகும், ஆனா ஓட விட இடம் நெறைய.

கடல்ல கால் நனைக்கறதோட நிறுத்திக்கோங்க. அந்தப் பக்கம் இழுப்பு ஜாஸ்தி, கோயில் பக்கத்துல குளிக்கவே விடமாட்டாங்க, விட்டாலும் எறங்காதீங்க.

போறது எப்படின்னா, தாம்பரத்துல 515 பஸ் ஏறுங்க, அவ்ளோதான். சாதாரணக் கட்டண பஸ்ஸா வந்துச்சுன்னா உங்களுக்கும் மாமியாருக்கும் டிக்கெட்டே கிடையாது. மறுநாள் ஈசிஆர் வழியா சென்னைப் பக்கம் வர்ற பஸ்ல ஏறி வடநெம்மேலில எறங்கினா முதலைப் பண்ணை. 1976ல ஆரம்பிச்சது, ரோமுலஸ் விட்டேக்கர்னு பாம்பு மனுஷன் ஒருத்தர் ஆரம்பிச்சாரு. முதலைங்க வாயைப் பொளந்துட்டு அசையாம கிடக்கும், சின்னவ பொம்மைன்னு அடிச்சுச் சொல்லுவா. அது கோவமும் இல்ல, பசியும் இல்ல, உடம்புச் சூட்டைத் தணிக்கறதுக்காக அப்படி வாயைத் திறந்து வச்சிருக்கும். தட்சிண சித்ராவை திரும்பி வர்ற அன்னைக்கு வச்சுக்கலாம், முட்டுக்காட்டுல வழியிலயே இருக்கு, செட்டிநாட்டு வீடு, கேரளா வீடுன்னு பழைய வீடுகளை அப்படியே பிரிச்சு கொண்டாந்து கட்டி வச்சிருக்காங்க, மாமியாருக்கு திண்ணையைப் பாத்ததும் அவங்க ஊரு ஞாபகம் வந்துடும், அங்கயே உக்காந்துப்பாங்க, முழங்காலுக்கும் ரெஸ்ட்.

கணக்குப் போட்டா ரூம் ரெண்டு நைட்டுக்கு எக்ஸ்ட்ரா பெட்டோட 4,500, சாப்பாடு 2,500, பஸ் ஆட்டோ 700, டிக்கெட்டுங்க எல்லாம் சேத்து ஆயிரத்து சொச்சம்னு வச்சாலும் 9,000க்குள்ள முடிஞ்சுடும்.

"இல்லப்பா, மலைதான் வேணும், பசங்க கேட்டுட்டே இருக்காங்க"ன்னா ஏலகிரி. கடல் மட்டத்துல இருந்து ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேலதான், அதனால ஊட்டிக் குளிரை எதிர்பாத்துப் போய் ஏமாறாதீங்க, மே மாசம் மத்தியானம் அங்கயும் வேர்க்கும். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல காத்து மாறும், ராத்திரி ஃபேனைக் குறைச்சு வச்சு போர்வை போத்திட்டுத் தூங்கலாம், சென்னைல மே மாசம் அதுவே பெரிய விஷயம். குரோம்பேட்டைல லோக்கல் ட்ரெயின் ஏறி பார்க் ஸ்டேஷன்ல எறங்கினா எதிர்ல சென்ட்ரல், அங்க காலைல கோவை எக்ஸ்பிரஸோ பிருந்தாவனோ புடிச்சா மூணு மணி நேரத்துக்குள்ள ஜோலார்பேட்டை. செகண்ட் சிட்டிங்ல ஆளுக்கு நூறு ரூபாயைச் சுத்திதான் ஆகும். ஜோலார்பேட்டைல எறங்கினதும் ஆட்டோக்காரங்க சுத்தி வளைப்பாங்க, ஆனா மலைக்கு பஸ்ஸும் இருக்கு, நேரம் ஒத்து வந்தா பஸ்ல போங்க, மாமியாருக்கு கஷ்டம்னா மட்டும் வண்டி பேசுங்க, ஏறுறதுக்கு முன்னாடியே "ஹோட்டல் வாசல் வரைக்கும்"னு சொல்லி பேசிடுங்க. 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பேரு வச்சு போர்டு இருக்கும், பெரியவனைப் படிச்சுட்டே வரச் சொல்லுங்க. சின்னவளுக்கு வாந்தி வரும்னா ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வயிறு முட்ட குடுக்காதீங்க, கையில எலுமிச்சம்பழம் ஒண்ணு, கவர் நாலு.

மேல பாக்க என்ன இருக்குன்னா, உண்மையைச் சொல்லணும்னா பெருசா ஒண்ணும் இல்ல. புங்கனூர் ஏரில படகு சவாரி, ஒரு பார்க்கு, நிலாவூர்ப் பக்கம் ஒரு நடை, ரோட்டோரத்துல பலாப்பழம் அறுத்து வச்சு விப்பாங்க, மே ஜூன்தான் அதுக்கு சீசன். ஜலகாம்பாறை அருவின்னு யாராவது ஆசை காட்டினா போகாதீங்க, அது மலைக்கு அந்தப் பக்கம், கோடைல தண்ணியும் இருக்காது, ஐப்பசி மழைக்கு அப்புறம் பாக்க வேண்டியது. பாக்க ஒண்ணும் இல்லாததுதான் அந்த ஊரோட நல்ல குணம்னு நான் நினைக்கறேன், ஓடி ஓடிப் பாயின்ட் பாக்க வேண்டியதில்ல, பசங்க புல்லுல உருளட்டும், நீங்க உக்காந்து ஒரு காபி குடிங்க. இதுக்கு 10,000 கொஞ்சம் இறுக்கிப் புடிச்சாதான் பத்தும், வண்டிச் செலவுலதான் கை மீறும்.

பசங்க கொஞ்சம் வளந்தப்புறம் போகவேண்டியது அதே பக்கத்துல ஜவ்வாது மலை, காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம். சனிக்கிழமைலதான் பொதுமக்களை விடுவாங்க, நான் மேல சொன்ன வாரநாள் கணக்குக்கு ஒத்து வராது, வானம் மூடியிருந்தா ஒண்ணும் தெரியாது, போறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போறது நல்லது. 9 வயசுப் பையனுக்கு அது வாழ்க்கைக்கும் மறக்காது, 4 வயசுக்கு தூக்கம்தான் வரும்.

மூணாவது, கொஞ்சம் வித்தியாசமா வேணும்னா சிதம்பரம். சோழன் எக்ஸ்பிரஸ் காலைல, தாம்பரத்துலயே ஏறிக்கலாம், சென்ட்ரல் வரைக்கும் போற தொல்லை இல்ல. மத்தியானம் போய்ச் சேந்து தூங்கிட்டு சாயங்காலம் கோயில், மறுநாள் காலைல சீக்கிரமா பிச்சாவரம் அலையாத்திக் காடு. கோயில் மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அதை மனசுல வச்சு பிளான் பண்ணுங்க. பிச்சாவரத்துல மோட்டார் படகா துடுப்புப் படகான்னு கேட்டா துடுப்புப் படகு எடுங்க. மோட்டார் படகு அகலமான வாய்க்கால்லயே ஒரு ரவுண்டு அடிச்சுட்டு திரும்பிடும், துடுப்புப் படகுதான் குறுகலான சந்துக்குள்ள போகும், ரெண்டு பக்கமும் சுரபுன்னை வேருங்க தண்ணிக்குள்ள எறங்கி, மேல கிளைங்க கூடாரமா மூடி, குனிஞ்சுதான் போகணும், திடீர்னு வெயில் காணாமப் போயிடும். நண்டு வேருல ஏறுறதைப் பசங்களுக்குக் காட்டச் சொன்னா படகுக்காரரே காட்டுவாரு. லைஃப் ஜாக்கெட் சின்னவ சைஸுக்கு இருக்கான்னு பாத்துட்டு ஏறுங்க. ஒரு விஷயம், கோயில் ஊருங்கள்ல நெறைய லாட்ஜ்ல 24 மணி நேர கணக்கு, மத்தியானம் ரெண்டு மணிக்கு நுழைஞ்சா மறுநாள் ரெண்டு மணி வரைக்கும் ரூம் உங்களோடது, பீச் ரிசார்ட் மாதிரி காலைல பத்து மணிக்கு மூட்டையைத் தூக்கிட்டு நிக்க வேண்டாம்.

பாண்டிச்சேரி எல்லாரும் சொல்றதுதான், நான் ரொம்ப எழுதல. ஞாயிறு சாயங்காலத்துக்கு அப்புறம் போங்க, "பார்ட்டி" பண்ண வந்த கூட்டமெல்லாம் கிளம்பியிருக்கும். பீச் ரோடுல சாயங்காலம் வண்டி விடமாட்டாங்க, சின்னவ கையை விட்டுட்டு ஓடினாலும் பயமில்ல. அரவிந்தர் ஆசிரமத்து கெஸ்ட் ஹவுஸ் கிடைச்சா சுத்தமா, விலையும் கம்மியா இருக்கும், ஆனா ராத்திரி கேட் சாத்தற நேரம், சத்தம் போடக்கூடாதுன்னு கட்டுப்பாடு உண்டு, உங்க வீட்டுப் பசங்களை நீங்கதான் அறிவீங்க. ஆரோவில்ல மாத்ரி மந்திர்ங்கற தியான மண்டபத்துக்குள்ள பத்து வயசுக்குக் கீழ இருந்தா விடமாட்டாங்க, உங்க பசங்க ரெண்டு பேருக்குமே நடக்காது, வெளிய வியூ பாயின்ட்ல நின்னு பாக்கலாம்.

செஞ்சிக் கோட்டை அருமையான இடம், 2025 ஜூலைல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேத்துட்டாங்க, ஆனா மே மாசம் ராஜகிரி ஏறுறது தற்கொலைக்குச் சமம், மாமியாரோட கனவுலயும் வேணாம். அரையாண்டு லீவுல போங்க. அதே லீவுலதான் வேடந்தாங்கலும், கோடைல போனா வெறும் ஏரியும் மரமும்தான், பறவைங்க நவம்பர்ல இருந்து பிப்ரவரி மார்ச் வரைக்கும்தான். திருவண்ணாமலைக்கு 2024ல இருந்து பீச் ஸ்டேஷன்ல நேரடி ரயிலே விட்டிருக்காங்க, 50 ரூபா டிக்கெட், சாத்தனூர் டேமும் மீன் வறுவலும் சேத்தா ஒரு நல்ல ரெண்டு நாள், ஆனா பௌர்ணமியைத் தவிர்த்துடுங்க. திருப்பதியை நான் இந்தக் கணக்குலயே சேர்க்கல, அது லீவு இல்ல, வேண்டுதல்.

ரயில் டிக்கெட் பத்தி ஒரு ரெண்டு விஷயம். 2024 நவம்பர்ல இருந்து 60 நாள் முன்னாடிதான் புக்கிங் ஓப்பன் ஆகும், பழைய 120 நாள் கணக்கு இல்ல, அதனால மே நடுவுல போகணும்னா மார்ச் நடுவுலயே உக்காரணும். 5 வயசுக்குள்ள டிக்கெட் வேணாம், சின்னவ மடியில. 5ல இருந்து 12க்குள்ள இருந்தா ஸ்லீப்பர்ல பெர்த் வேணாம்னு போட்டா அரை டிக்கெட், ஆனா செகண்ட் சிட்டிங், சேர் கார்ல அந்த சாய்ஸ் கிடையாது, பெரியவனுக்கு முழு டிக்கெட்தான், "அரை டிக்கெட் எங்க"ன்னு ஆப்ல தேடிட்டு இருக்காதீங்க. அரசு பஸ்லயும் 5 வயசு வரைக்கும் இலவசம், 12 வரைக்கும் அரை டிக்கெட்.

சாப்பாட்டுல மிச்சம் பண்ண ஒரே வழி முதல் நாள் கட்டிட்டுப் போறதுதான். மொளகாப்பொடி நல்லெண்ணெய் தடவின இட்லி, புளியோதரை, இது ரெண்டும் சாயங்காலம் வரைக்கும் தாங்கும், தயிர் சாதத்தை மட்டும் மத்தியானத்துக்குள்ள முடிச்சுடுங்க, மே மாசம் புளிச்சுடும். ஸ்டேஷன் பஜ்ஜி, ரிசார்ட் ஃப்ரைட் ரைஸ்னு போனா அஞ்சு பேருக்கு ஒரு வேளைக்கே ஆயிரம் ஓடிடும். சின்னதா ஒரு கெட்டில் எடுத்துக்கோங்க, சின்னவளுக்கு பாலுக்கும் மாமியாருக்கு வெந்நீருக்கும் ராத்திரி பத்து மணிக்கு ரூம் சர்வீஸைக் கெஞ்ச வேண்டாம்.

கடைசியா ரூம். ஆப்ல ரேட்டைப் பாத்துக்கோங்க, ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி அந்த லாட்ஜுக்கே நேரா ஒரு போன் போடுங்க, பாதி இடத்துல ஆப் கமிஷன் இல்லாததால கொறைச்சே குடுப்பாங்க. கேக்க வேண்டியது: கிரவுண்ட் ஃப்ளோர் ரூம் இருக்கா, வெஸ்டர்ன் டாய்லெட்டா (மாமியாருக்கு இது ரெண்டும்தான் முக்கியம், வியூவெல்லாம் அப்புறம்), எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவு, 9 வயசுப் பையனுக்குத் தனியா சார்ஜ் உண்டா, சொன்ன ரேட்டு ஜிஎஸ்டியோடவா, 7,500 ரூபா வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 சதவீதம்தான், 12 சதவீதம்னு பழைய கணக்கு சொன்னா விடாதீங்க. கரண்ட் போனா ஜெனரேட்டர்ல ஏசி ஓடுமா வெறும் ஃபேனும் லைட்டும் மட்டுமான்னும் கேளுங்க, அதை யாரும் கேக்க மாட்டாங்க, மே மாசத்துல அதுதான் முதல் கேள்வியா இருக்கணும். பேசி முடிச்சதும் ரேட்டை வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா அனுப்பச் சொல்லிடுங்க, அங்க போய் எறங்கினதும் ரிசப்ஷன்ல வேற ஆளு உக்காந்துட்டு "சீசன் ரேட்டு சார்"னு ஆரம்பிப்பாரு.